மெல்லிய அடுக்கு

கல்லாத்துப்பாளையம் கிழங்கு மண்டிக்கு மலையிலிருந்து வரும் லாரிகளில் இப்போது ஓட்டுநர் கிடையாது. கொண்டை ஊசி வளைவுகளில் தாமாகவே திரும்பி, தாமாகவே ஹாரன் அடித்து, மண்டி வாசலில் சமர்த்தாக வரிசையில் வந்து நிற்கும். மூட்டையை மட்டும் இன்னும் மனிதர்கள்தான் இறக்குகிறார்கள். அதற்கும் ஓர் இயந்திரம் வாங்கிப் பார்த்தார்கள். அது கிழங்கைப் பாதி வழியிலேயே மசித்துக் கொடுத்தது. போண்டாக் கடைக்காரர் ஒருவரைத் தவிர வேறு யாருக்கும் அதில் திருப்தி இல்லை.

மண்டிக்கு எதிரே, சாலையின் மறுபக்கம், மூங்கில் எலும்பு ஆய்வகம் இருக்கிறது. அதை ஒட்டினாற்போல் ஒரு சிறிய மருத்துவமனையும் உண்டு. நான் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். பெயர் சுகந்தி. மூங்கில் நாரை மயிரிழையைவிட மெல்லிதாகச் சீவி நுண்ணோக்கியில் பார்ப்பதுதான் என் வேலை. மகள் என்ன செய்கிறாள் என்று கேட்கிறவர்களிடம் என் அம்மா “டாக்டர் மாதிரி” என்று சொல்லிச் சமாளித்துவிடுவார்.

உண்மையான டாக்டர் எங்கள் இயக்குநர் அருளானந்தம். ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு பாதி ஆயுளை ஓட்டியவர். மரத்தின் நார் முதிர்ந்த கையோடு செத்துப்போகிறது. மூங்கில் நார் அப்படியில்லை. பல ஆண்டுகள் உயிரோடிருந்து, தன் சுவரின் உள்பக்கமாக அடுக்கு மேல் அடுக்குப் பூசிக்கொண்டே போகிறது. அந்த உயிரை மனித உடம்புக்குள் தக்கவைத்தால் என்ன? இதுதான் அவருடைய கேள்வி. கடைசியில் தக்கவைத்தும் காட்டினார். இரத்தத்தில் இருக்கும் சர்க்கரையைத் தின்று வாழ அந்த நாரைப் பழக்கினார். உடம்பு அதை அந்நியன் என்று விரட்டாதபடி ஓர் உறை போட்டார். எலும்பு நொறுங்கியவர்களுக்கு எஃகுக் கம்பி வைத்த காலம் போய், உயிருள்ள மூங்கில் நார்க் கற்றை வைக்கும் காலம் வந்தது. எஃகு நாளாக நாளாகத் தேயும். மூங்கிலோ சுமக்கச் சுமக்கத் தடிக்கும்.

மண்டியிலிருந்து முதலில் வந்தவர் அங்கமுத்து. முப்பத்தைந்து வயதிருக்கும். உயரமாக அடுக்கிய மூட்டை அட்டி சரிந்து விழுந்ததில் வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு பொடிப்பொடியாகியிருந்தது. மூன்று மாதத்தில் எழுந்து நடந்தார். அடுத்த மழைக்குள் பழையபடி மூட்டை தூக்கினார். அதற்கடுத்த மழையில் ஒன்றுக்கு இரண்டாகத் தூக்கினார். மண்டியே கூடி நின்று வேடிக்கை பார்த்தது. அவருடைய மனைவி பூவாத்தா அதே மண்டியில் கிழங்கைத் தரம் பிரிக்கிறவர். கண்பட்டுவிடும் என்று கணவர் காலில் கறுப்புக் கயிறு கட்டிவிட்டார்.

கண் பட்டதோ இல்லையோ, ஆசை பட்டது. மண்டி வியாபாரிகள் சங்கச் செயலாளர் சென்னியப்பன் மறுவாரமே மருத்துவமனைக்கு ஒரு வார்டு கட்டித் தந்தார். இரட்டை மூட்டைக்காரர்களுக்கே முதல் லாரி என்று ஆனதும், கால் முறியாதவர்களும் வரத் தொடங்கினார்கள். நல்ல எலும்பை எடுத்துவிட்டு மூங்கில் வைக்கச் சொல்லி வரிசையில் நின்றார்கள். இது சரியில்லை என்று டாக்டரிடம் சொன்னேன். அவர்களாகத்தானே கேட்கிறார்கள் என்றார். ரங்கப்பன் என்ற ஒருவருக்கு மட்டும் சர்க்கரை நோய் இருந்ததால் முடியாது என்று திருப்பி அனுப்பினோம். இருக்கிற சர்க்கரையை அந்த மூங்கில்தான் கொஞ்சம் தின்னட்டுமே என்று அவர் அரைநாள் வாதாடிப் பார்த்தார். அளவுக்கு மீறித் தின்றால் நார் கண்டபடி வளரும் என்று சொல்லிப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

மண்டி இரண்டு சாதியாகப் பிரிந்தது. மூங்கில்காரர், எலும்புக்காரர். எலும்புக்காரர்களுக்கு மிஞ்சிய லாரிதான். இத்தனை மூட்டை ஏறினால் முதுகு என்ன ஆகும் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

ஆவணி மாதம், பட்டப்பகலில், மூட்டையோடு அட்டியில் சாய்த்து வைத்த பலகையில் ஏறும்போது அங்கமுத்துவின் கால் பிளந்தது. முறியவில்லை, பிளந்தது. முழங்காலிலிருந்து கணுக்கால் வரை, மூங்கிலை அரிவாளால் வகிர்ந்தால் எப்படி விடுமோ அப்படி நெடுக விட்டிருந்தது. அவரைக் கயிற்றுக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு சாலையைக் கடந்து ஓடி வந்தவர்களில் ரங்கப்பன்தான் முன்னால் இருந்தார்.

டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, காலை முழங்காலுக்கு மேல் எடுத்துவிட வேண்டும் என்றார். நார் சுற்றிலும் தசையோடு பின்னிவிட்டதால் உருவ முடியாது. விட்டுவைத்தால் பிளந்த நாரின் கூரிய சிலாம்பு இரத்தக் குழாயைக் கிழித்துவிடும். வரும் புதன்கிழமை அறுவை என்று முடிவானது. அங்கமுத்து அழவில்லை. தன் சும்மாடு ஆணியில் இருக்கிறதா என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கேள்வி எனக்கு அப்போது புரியவில்லை. பூவாத்தாதான் சொன்னார். மண்டியில் சேர்ந்து சுமை தூக்கும் ஒவ்வொரு செட்டுக்கும் சுவரில் ஒரு பெயர்ப்பலகை. பலகைக்கு அடியில் ஆளுக்கோர் ஆணி. வேலைக்கு வராதவரின் சும்மாடு, மூட்டைக்கு அடியில் தலையில் வைக்கிற துணிச்சுருள், அந்த ஆணியில் தொங்கும். ஒரு வாரம் முழுக்க எடுக்காமல் தொங்கினால் அதை வாசலில் போட்டுவிடுவார்கள். அந்த ஆணியும் அதோடு வேலையும் வேறொருவருக்குப் போய்விடும். செத்தால்கூட அந்த ஒரு வாரம் காத்திருப்பார்கள் என்று பூவாத்தா கொஞ்சம் பெருமையாகவே சொன்னார்.

பிளந்த இடத்திலிருந்து டாக்டர் எடுத்துக் கொடுத்த சிலாம்பை நான் சீவிப் பார்த்தேன். மூங்கில் நாரின் சுவர் நுண்ணோக்கியில் அழகாக இருக்கும். தடித்த அடுக்கு ஒன்று, மெல்லிய அடுக்கு ஒன்று, மறுபடி தடித்தது, மறுபடி மெல்லியது என்று மாறி மாறி வரும். தடித்த அடுக்கில் இழைகள் நெடுக்காக ஓடும். மெல்லியதில் குறுக்காகச் சுற்றும். லிக்னின் என்ற பசையும் மெல்லியதில்தான் அதிகம். அங்கமுத்துவின் நாரில் தடித்த அடுக்குகள் மட்டுமே இருந்தன. ஒன்றின்மேல் ஒன்றாக, மூச்சுவிட இடமில்லாமல். மெல்லிய அடுக்கு ஒன்றுகூட இல்லை. வேறு மூங்கில்காரர்களிடம் ஊசியால் எடுத்த மாதிரிகளையும் தேடிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் அதே கதை. இன்று அங்கமுத்து, நாளை அத்தனை பேரும் என்று தெரிந்தது.

ஆனால் எங்கள் சோதனை இயந்திரத்தில் வளர்ந்த நாரில் இரண்டு அடுக்கும் இருந்தன. அதே செல், அதே உறை, அதே எடை. ஓராண்டு இடைவிடாத சுமை கொடுத்துப் பார்த்தோம், கீறல்கூட விழவில்லை என்று அறிக்கை சொன்னது. நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பே அச்சான அறிக்கை. அதை நம்பித்தான் உலகமே எங்களைப் பாராட்டியது.

சனிக்கிழமை காலை மனம் கேட்காமல் ஆய்வகத்துக்குப் போனேன். விடுமுறை நாளில் அங்கே நான் கால்வைத்ததே இல்லை. உள்ளே நுழைந்ததும் ஏதோ குறைவதுபோல் இருந்தது. வாரம் முழுவதும் காதைத் துளைக்கும் சோதனை இயந்திரம் சத்தமில்லாமல் கிடந்தது. பழுதா என்று காவலாளியிடம் கேட்டேன்.

“பழுதெல்லாம் இல்லைங்க மேடம். சனி ஞாயிறு மெயினை அணைச்சு வெக்கச் சொல்லி ஆபீஸ் உத்தரவுங்க. தொடங்கின நாள்லயிருந்து அப்படித்தானுங்க. கரண்டு மிச்சமாகோணுமில்லீங்களா?”

மெயின் அணைந்தால் நாரின் மேல் சுமையும் இருக்காது. உடனே இயந்திரத்தில் வளர்ந்த நாரை மறுபடி எடுத்து வைத்துப் பார்த்தேன். இந்தத் தடவை அடுக்குகளை வாரங்களாகப் படித்தேன். திங்கள் முதல் வெள்ளி வரை தடித்த அடுக்கு. சனி, ஞாயிறு மெல்லிய அடுக்கு. ஓரிடத்தில் மெல்லிய அடுக்கு வழக்கத்தைவிடச் சற்று அகலமாக இருந்தது. கணக்குப் பார்த்தால் அது பொங்கல். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அரசு விடுமுறையை எல்லாம் ஒன்று விடாமல் அனுபவித்த நாரைக் காட்டி, ஒரு நாளும் மூடாத மண்டிக்குச் சான்றிதழ் கொடுத்திருக்கிறோம்.

டாக்டர் வீட்டுக்கே போய்ச் சொன்னேன். வேலை நாள்களில் இயந்திரம் இடைவிடாமல்தான் ஓடியது, அறிக்கையில் பொய் இல்லை என்றார்.

“மண்டியில எது சார் வேலை இல்லாத நாள்?” என்று கேட்டேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். கெட்டவர் இல்லை அவர். தன் பிள்ளையைப்போல் வளர்த்த ஒன்றில் தானே பார்க்காத குறை இருப்பதை ஒப்புக்கொள்ள ஒரு மனிதருக்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டார். பிறகு எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு என்னோடு மருத்துவமனைக்கு வந்தார். அறுவையைத் தள்ளிவைத்தார். இரத்தக் குழாயை ஒட்டியிருந்த சிலாம்பை மட்டும் அகற்றிக் கட்டுப் போட்டார். நோயாளி சம்மதித்தால் வாரம் இரண்டு நாள் ஓய்வு கொடுத்து நார் கூடுகிறதா என்று சில மாதம் பார்க்கலாம், ஆனால் ஆபத்து முழுதாக நீங்கிவிடவில்லை என்று என்னிடம் தனியாகச் சொன்னார்.

சம்மதம் வாங்கும் வேலை எனக்கு வந்தது. அங்கமுத்து படுத்திருந்தார். பூவாத்தா பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்.

“விறகுக் கட்டுல விறகெல்லாம் எப்படிங்க இருக்கும்?” என்று கேட்டேன்.

“நெடுக்கத்தானுங்க,” என்றார் பூவாத்தா.

“கட்டின கயிறு?”

“அது குறுக்க.”

“இவர் கால்ல விறகு மேல விறகா அடுக்கிக்கிட்டே போயிருக்கு. கயிறே இல்லை. அதனாலதான் வகிர்ந்த மாதிரி விட்டுப்போச்சு. சுமை இருக்கிற வரைக்கும் நார் நெடுக்கத்தான் இழை விடும். சுமை போனாத்தான் குறுக்கத் திரும்பும். அதுவும் உடனே திரும்பாது. ராத்திரி தூங்கி எழுந்தா பத்தாது. வாரத்துல ரெண்டு நாள் முழுசா விடணும்.”

பூவாத்தா உரிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார். “அப்போ இவர் சும்மா கெடக்கறப்பத்தான் கால் கயிறு கட்டிக்குமுங்களா?”

“ஆமா.”

“மீதி அஞ்சு நாளும் என்னங்க பண்ணோணும்?”

“அஞ்சு நாளும் கோலை ஊன்றி நிற்கணும், கொஞ்சம் நடக்கணும். ரெண்டு நாள் கால் தரையிலயே படக் கூடாது. அப்படி நாலைஞ்சு மாசம்.”

அங்கமுத்து அதுவரை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். “நாலைஞ்சு மாசம் கெடந்தா என்ற ஆணி போயிருமுங்க மேடம். காலை எடுத்துட்டா மரக்கால் போட்டுட்டாவது சீக்கிரம் எடை மேடைப் பக்கம் எதாச்சும் பாத்துக்குவனுங்க. கால் இருந்து ஆணி இல்லாம நான் என்ன பண்றதுங்க?”

“சும்மாடு போனா இன்னொண்ணு சுருட்டிக்கலாம்,” என்றார் பூவாத்தா. “காலைச் சுருட்ட முடியுமா?”

அங்கமுத்து மனைவி நீட்டிய சுளையை வாங்கி வாயில் போட்டுக்கொண்டார். அதையே நான் சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

ஆணி போகவில்லை. அவருடைய செட்டு ஆட்கள் ஒரு வேலை செய்தார்கள். தினம் காலையில் யாராவது ஒருவர் அங்கமுத்துவின் சும்மாட்டை எடுத்து, தன் சும்மாட்டின் மேல் வைத்துக்கொண்டு மூட்டை சுமந்தார். சாயங்காலம் மறுபடி ஆணியில் மாட்டினார். ஒரு வாரம் தொடர்ந்து தொங்கினால்தானே வாசலுக்குப் போகும்? வழக்கம் அறிந்த சென்னியப்பனே இதில் வழக்கம் மீறவில்லை என்று ஒப்புக்கொண்டாராம். அதிக நாள் அதைத் தலையில் வைத்தவர் ரங்கப்பன் என்று கேள்விப்பட்டேன். இரட்டைச் சும்மாட்டில் மண்டை குளிர்ச்சியாக இருக்கிறது என்று காரணம் சொன்னாராம்.

கார்த்திகை கடைசியில் அங்கமுத்துவின் காலில் மெல்லிய ஊசி செலுத்தி ஒரு துளி நார் எடுத்தோம். டாக்டர் என் முதுகுக்குப் பின்னால் நின்று அவசரப்படுத்திக்கொண்டே இருந்தார். கடைசித் தடித்த அடுக்குக்கு உள்ளே, குறுக்காக, மிக மெல்லிதாக ஒரு கோடு ஓடியது. அதற்கும் உள்ளே தடித்தது. பிறகு இன்னொரு மெல்லிய கோடு, இப்படி வாரத்துக்கு ஒன்றாக. பிளவின் இரு கரையிலும் புது நார் ஒன்றையொன்று தொட்டிருந்தது. நான் விலகி டாக்டருக்கு இடம் விட்டேன். அவர் பார்த்துவிட்டு வெகுநேரம் தலையை எடுக்கவில்லை. எடுத்தபோது கண்ணாடி ஈரமாக இருந்தது. எனக்கு வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக இருந்த நாள் வேறு இல்லை.

மறுநாளே டாக்டர் மூங்கில் வைக்கும் எல்லா ஊர்களுக்கும் உண்மையை எழுதி அனுப்பினார். தன் பெயரைப் போட்டு, தன் தவறு என்றே எழுதினார். மூங்கில் வைத்தவர்களுக்கு வாரம் இரண்டு நாள் முழு ஓய்வு தராமல் வேலை வாங்கக் கூடாது என்று அரசு உத்தரவும் வந்தது.

சென்னியப்பன் உத்தரவைப் படித்தார். மீறுகிறவர் அல்லர் அவர். மறுநாள் காலை மண்டி முற்றத்தில் சுமைக்காரர்கள் அத்தனை பேரையும் கூட்டினார். என்னையும் அழைத்திருந்தார். மூங்கில்காரர்களுக்கு உத்தரவுப்படி ஓய்வு உண்டு என்றார். ஆனால் மண்டி ஏழு நாளும் நடக்க வேண்டும், கிழங்கு காத்திருக்காது, ஆகவே ஏழு நாளும் வரக்கூடியவர்களுக்குத்தான் இனி ஆணி என்றும் சொன்னார். சொல்லிவிட்டு, காலில் மூங்கில் இருப்பவர்கள் எடை மேடைக்கு அந்தப் பக்கம் போய் நிற்கட்டும் என்றார்.

யாரும் அசையவில்லை. அந்தப் பக்கம் போனால் பிழைப்புப் போயிற்று. போகாமல் மறைத்தால் கால் போயிற்று. மறைத்துவிடலாமா என்ற எண்ணம் சிலருடைய முகத்தில் ஓடுவதைப் பார்த்தேன்.

அங்கமுத்துவுக்கு மறைக்க வழியில்லை. கோலை ஊன்றிக்கொண்டு, பூவாத்தாவின் தோளைப் பிடித்தபடி, எல்லோரும் பார்க்க மெதுவாக நடந்து அந்தப் பக்கம் போய் நின்றார். அந்த அகலமான முற்றத்தில் அவர்கள் இருவர் மட்டும் தனியாகத் தெரிந்தார்கள்.

அடுத்து நடந்தவர் ரங்கப்பன்.

“ஏப்பா ரங்கப்பா,” என்றார் சென்னியப்பன், “உனக்குச் சர்க்கரைன்னு மூங்கில் வெக்க முடியாதுன்னுட்டாங்களே?”

“அது அப்போங்க,” என்றார் ரங்கப்பன், நடையை நிறுத்தாமல்.

யாரோ சிரித்தார்கள். பிறகு ஒரு செட்டு முழுவதும் நடந்தது. பின்னாலேயே இன்னொரு செட்டு. மூங்கில்காரர், எலும்புக்காரர் எல்லோரும் கலந்து போனார்கள். கிழங்கு தரம் பிரிக்கிற பெண்கள் கையைத் துடைத்துக்கொண்டு போனார்கள். வாழ்க்கையில் ஒரு மூட்டையும் தொட்டிராத எடைக் குமாஸ்தா பேனாவைக் காதில் செருகிக்கொண்டு, லேசாக நொண்டியபடி போனார். நொண்டியது தப்பான காலில் என்று பாதி வழியில் நினைவு வந்து மாற்றிக்கொண்டார்.

சென்னியப்பன் கோபப்படவில்லை. என் பக்கம் திரும்பினார்.

“நீங்க படிச்சவங்க. பொய் சொல்ல மாட்டீங்க. இவங்கள்ல யார்யார் காலுக்கு லீவு வேணும்னு நீங்களே சொல்லிருங்க.”

“எல்லார் காலுக்கும்,” என்றேன்.

“எலும்புக்காரனுக்குமா?”

“மூங்கில் வைக்கிறதுக்காக எடுத்த நல்ல எலும்பையெல்லாம் நாங்க எறியலைங்க. அதையும் சீவிப் பார்த்தேன். அங்கமுத்து கால் தேறின நாள்லயிருந்து ராவும் பகலும் அதைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன். நல்ல எலும்புன்னு நினைச்சு எடுத்தது ஒவ்வொண்ணுலயும் மயிரிழை மாதிரி விரிசல். எலும்பும் உயிருள்ளதுதாங்க. விரிசலைத் தானே அடைச்சுக்கும். ஆனா அதுக்கும் சுமை இல்லாத நேரம் வேணும். அடைக்கிறதுக்குள்ள அடுத்த மூட்டை ஏறியிருக்கு. மூங்கில் சீக்கிரம் சொல்லிடுச்சு. எலும்பு வயசான பிறகு சொல்லும். அவ்வளவுதான் வித்தியாசம்.”

நான் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்பது எனக்கே அப்போதுதான் ஆறுதலாக இருந்தது. சென்னியப்பன் எடை மேடையின் அந்தப் பக்கத்தைப் பார்த்தார். இந்தப் பக்கம் அவரும் நானும் மட்டும்தான் நின்றுகொண்டிருந்தோம்.

அவர் என் அருகில் வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டார். “பதினாலு வயசுல கல்லாவுல ஏறினேன். ஒரு நாள் கடையைச் சாத்துனதில்லை. இப்போ ராத்திரியானா முழங்கால் ரெண்டும் கடுக்குது. உக்காந்தே இருக்கற காலுக்குமுங்களா?”

“உங்க காலுக்கும்தாங்க.”

சனிக்கிழமை லாரிகளை மலையிலேயே நிறுத்தச் சொல்ல வேண்டும் என்று அவர் யாரிடம் என்றில்லாமல் பொதுவாகச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமையும்தான் என்று எடைக் குமாஸ்தா அங்கிருந்தே நினைவூட்டினார்.

அங்கமுத்து கோலைக் கீழே வைத்துவிட்டு, பூவாத்தா தாங்கிக்கொள்ள, நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்தார். பக்கத்தில் ரங்கப்பன் உட்கார்ந்தார். பிறகு ஒவ்வொருவராக எல்லோரும் உட்கார்ந்தார்கள். வேலை நேரத்தில் அந்த மண்டியில் ஆட்கள் உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.